மசாக்கா கிராமங்களில் பதினாறு வாரங்கள்: குழு உளச்சிகிச்சை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

மனச்சோர்வால் அவதிப்படும் ஒருவரிடம் குழு உளச்சிகிச்சைக்குப் போகலாமே என்று சொன்னால், அது பலன் தருமா என்ற கேள்வி அவருக்குப் பெரும்பாலும் பிறகுதான் வரும். முதலில் வருவது, "நாலு பேர் நடுவில் வீட்டுச் சங்கதியை எப்படிப் பேசுவது?" என்ற தயக்கம். அந்த நாலு பேரும் முகம் தெரியாதவர்களாக இருந்தாலாவது ஒருவாறு சமாளிக்கலாம். அதே ஊரில் அதே கிணற்றில் தண்ணீர் எடுப்பவர்களாக, தன் குடும்பக் கதையில் பாதியை ஏற்கெனவே அறிந்தவர்களாக இருந்தால் என்ன செய்வது? இந்தத் தயக்கத்துக்கு மிகக் கடுமையான சோதனைக்களமாக அமைந்தது, 2002-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஜூன் வரை உகாண்டாவின் தென்மேற்கிலுள்ள மசாக்கா, ரக்காய் மாவட்டங்களின் 30 கிராமங்களில் நடத்தப்பட்ட ஒரு சிகிச்சைப் பரிசோதனை. குழுவுக்குள் நுழைபவர் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை அறிய எனக்குத் தெரிந்தவரை இதைவிடத் தெளிவான நிகழ்வு இல்லை என்பதால் அதையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

இடமும் நோயும்

விக்டோரியா ஏரிக்கு மேற்கே, வாழையும் காப்பியும் விளையும் பகுதி இது. இடி அமினின் ஆட்சியை வீழ்த்திய 1979-ஆம் ஆண்டுப் போரில் மசாக்கா நகரம் பெருமளவு இடிந்தது. அதன்பின் 1982-இல், ரக்காய் மாவட்டத்தில் ஏரிக்கரையை ஒட்டிய கசென்சேரோ என்ற மீன்பிடி ஊரில்தான் உகாண்டாவின் முதல் எய்ட்ஸ் நோயாளிகள் அடையாளம் காணப்பட்டார்கள். உடல் மெலிந்துகொண்டே போய்ச் சாவு வந்ததால் மக்கள் அந்த நோயை 'ஸ்லிம்' என்று அழைத்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் பெற்றோரை இழந்த குழந்தைகளும், பிள்ளைகளைப் புதைத்துவிட்டுப் பேரக்குழந்தைகளை வளர்க்கும் முதியவர்களும், கணவனோடு நிலத்தையும் இழந்த பெண்களும் அந்த மாவட்டங்களில் எங்கும் காணக்கூடியவர்களாக ஆனார்கள். அங்கு 2000-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு, வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மனச்சோர்வு நோயுடன் வாழ்வதாகக் காட்டியது.

ஆய்வாளர்கள் செய்த நல்ல காரியங்களில் முதலாவது, மேற்கத்திய மருத்துவச் சொல்லை ஊருக்குள் கொண்டுபோய் அதற்கு ஆள் தேடாமல் இருந்தது. எய்ட்ஸ் வந்தபின் மக்களுக்கு என்னென்ன துன்பங்கள் வந்தன என்று மட்டும் கேட்டார்கள். பதிலில் லுகாண்டா மொழியின் இரண்டு சொற்கள் எழுந்துவந்தன. ஒன்று 'யொக்வெக்யாவா', அதாவது தன்னைத் தானே வெறுத்தல். மற்றது 'ஒக்வெகுபாசிடா', அதாவது தன்னை நினைத்துத் தானே இரங்கிக் கிடத்தல். இரண்டையும் விவரிக்கச் சொன்னபோது மக்கள் கூறிய அறிகுறிகள், மனச்சோர்வுக்கு மருத்துவ நூல்கள் தரும் அறிகுறிகளோடு பெரும்பாலும் ஒத்துப்போயின. ஆனால் எந்த மருத்துவப் பட்டியலிலும் இல்லாத ஓரிரண்டும் அவற்றில் இருந்தன. வணக்கம் சொன்னால் பதில் சொல்லாமல் போவது அவற்றில் ஒன்று. எதிரே வருபவரிடம் நின்று நலம் விசாரிக்காமல் கடந்துபோவது பெருங்குறையாகக் கருதப்படும் ஊரில், நோய் முதலில் அங்கேதான் வெளிப்படும். நம் கிராமங்களிலும் "கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறான்" என்பதுதானே முதல் புகார்?

மனச்சோர்வுக்கான மாத்திரைகளை வாங்க அங்கே பணம் இல்லை. எழுதித் தர மருத்துவரும் இல்லை. எனவே பேச்சுவழிச் சிகிச்சை ஒன்றே சாத்தியமாக இருந்தது. அதிலும் நோயுற்றவர் பலர், நடத்தக்கூடியவர் சிலர் என்பதால் குழுவாகவே நடத்த வேண்டியிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட முறை, 1970-களில் அமெரிக்காவில் ஜெரால்ட் கிளெர்மன், மிர்னா வைஸ்மன் ஆகியோர் உருவாக்கிய உறவுசார் உளச்சிகிச்சை. குழந்தைப் பருவத்தைக் கிளறுவது அதன் வழி இல்லை. மனச்சோர்வு தொடங்கிய காலத்தில் அந்த மனிதரின் உறவுகளில் என்ன நடந்தது என்று அது கேட்கும்: நெருங்கியவர் இறந்தாரா, யாருடனாவது பிணக்கா, வாழ்க்கை நிலை மாறியதா? இந்த மூன்றும் மசாக்காவின் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டியிருந்தன.

குழுக்களை நடத்தியவர்கள் மருத்துவர்களோ உளவியலாளர்களோ அல்லர். வேர்ல்டு விஷன் தொண்டு நிறுவனத்தின் வழியாக வந்த, அந்தப் பகுதி மொழியைப் பேசும் உள்ளூர்க்காரர்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஹெலன் வெர்டெலியும் கேத்லீன் கிளோஹெர்ட்டியும் அவர்களுக்கு இரண்டு வாரம் பயிற்சி அளித்தார்கள். கற்பித்தல் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. இறந்தவரோடு இருந்த உறவின் நல்லதையும் கெட்டதையும் பேசவைப்பது இந்தச் சிகிச்சையின் வழக்கம்; ஆனால் இறந்தவரைப் பற்றிக் குறை பேசுவது எங்கள் ஊரில் கூடாது என்று பயிற்சி பெற்றவர்கள் சொன்னார்கள். எனவே, அவரோடு வாழ்ந்த வாழ்க்கை எப்படி இருந்தது, மனம் ஏமாற்றமடைந்த தருணங்கள் உண்டா என்று கேள்வி மாற்றி அமைக்கப்பட்டது. அதேபோல், மனைவி கணவனிடம் நேருக்கு நேர் குறை சொல்வதை அங்கே ஊக்குவித்தால் விளைவு விபரீதமாகலாம். அதனால் மூத்த உறவினர் வழியாகச் சொல்லுதல் போன்ற, அந்தச் சமூகம் ஏற்கெனவே வைத்திருந்த சுற்றுவழிகளும் சிகிச்சையின் பகுதியாயின.

குழுவில் உட்காரும் முன்

30 கிராமங்களில் 15 ஆண்களுக்கும் 15 பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டன. ஒரே குழுவில் இருபாலரும் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. நடத்துபவரும் அதே பாலினத்தவராகவே இருந்தார். தாமும் ஊராரும் நோயுற்றவர் என்று கருதியவர்களைப் பேட்டி கண்டு, கடுமையான அல்லது அதற்குச் சற்றுக் குறைந்த மனச்சோர்வு உடைய 341 பேரின் பட்டியல் தயாரிக்கப்பட்டது. அறிகுறி மிகுந்தவர்களிலிருந்து தொடங்கி ஒரு கிராமத்துக்கு 8 முதல் 12 பேர் வரை, மொத்தம் 284 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களில் 248 பேர் பங்கேற்க இசைந்தார்கள். மறுத்தவர்கள் 9 பேர் மட்டுமே. எஞ்சியவர்கள் ஆய்வாளர்கள் திரும்பி வருவதற்குள் இறந்திருந்தார்கள் அல்லது ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். குலுக்கல் முறையில் ஆண்களின் 8 கிராமங்களுக்கும் பெண்களின் 7 கிராமங்களுக்கும் சிகிச்சை கிடைத்தது. மற்ற 15 கிராமங்கள் ஒப்பீட்டுக்காக விடப்பட்டன.

பேசுவதற்கு அஞ்சி மறுப்பவர்களே அதிகம் இருப்பார்கள் என்று எண்ணியிருப்போம். மறுத்தவர் 9 பேர்தான் என்ற எண்ணிக்கையை நான் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன்.

இந்த முறையில் ஒருவரை நேராக வட்டத்துக்குள் கொண்டுவந்து உட்காரவைப்பதில்லை. வழிநடத்துநர் முதலில் தனியே சந்திக்கிறார். குழு உளச்சிகிச்சையில் எந்தப் பகுதியைச் சுருக்கினாலும் இந்தச் சந்திப்பைச் சுருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏனெனில் பின்னால் குழுவை விட்டு ஓடுபவர்களில் பலர், எதற்கு வந்தோம் என்று தெரியாமலே வந்தவர்கள். இந்தத் தனிச்சந்திப்பில்தான் வருபவர், தமக்கு இருப்பது சோம்பலோ சாபமோ அல்ல, பெயருள்ள, குணமாகக்கூடிய ஒரு நோய் என்று கேட்கிறார். நோய் இருக்கும்வரை சில பொறுப்புகளைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் வாரந்தோறும் வந்து உட்காருவது இனி அவருடைய பொறுப்பு என்றும் சொல்லப்படுகிறது. எந்த உறவில், எந்த நிகழ்வில் துன்பம் தொடங்கியது என்று இருவரும் சேர்ந்து கண்டறிந்து, பேசவேண்டியது எது என்று முடிவு செய்கிறார்கள். முழு வாழ்க்கைக் கதையும் குழுவின் முன் கொட்டப்படவேண்டும் என்ற அச்சம் இங்கேயே பாதி தீர்ந்துவிடும்.

இன்னொன்றும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்பட்டது: பணமோ பொருளோ இங்கே கிடைக்காது. தொண்டு நிறுவனம் என்றால் விதையோ பள்ளிக் கட்டணமோ தரும் என்று பழகிய ஊரில் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான்காவது வாரத்தில் வட்டம் காலியாகியிருக்கும். வறுமையைச் சிகிச்சை போக்காது என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, வறுமைக்கு நடுவிலும் எதைச் செய்யலாம் என்று பேசுவதே அவர்கள் எடுத்த நிலை.

வட்டத்துக்குள்

வாரத்துக்கு ஒரு முறை 90 நிமிடம், 16 வாரங்கள்: இதுதான் ஏற்பாடு. முதல் வாரங்களில் பேசுபவரைவிட மௌனமாக இருப்பவரே அதிகம் இருப்பார்கள் என்பது குழு நடத்திய எவரும் அறிந்தது. அந்த மௌனத்தை நிரப்ப வழிநடத்துநருக்கு ஒரு எளிய கருவி உண்டு. ஒவ்வொரு கூட்டமும், சென்ற வாரம் தூக்கம் எப்படி, பசி எப்படி, அழுகை வந்ததா, வேலை செய்ய முடிந்ததா என்ற விசாரிப்போடு தொடங்குகிறது. பிறகு, கூடியதும் குறைந்ததும் எந்த நாளில், அன்று யாரோடு என்ன நடந்தது என்று கேட்கப்படுகிறது. "செவ்வாய்க்கிழமை தூங்கவில்லை" என்பதும் "செவ்வாய்க்கிழமை மைத்துனர் வந்து போனார்" என்பதும் ஒரே வாயிலிருந்து அடுத்தடுத்து வரும்போது, இரண்டுக்கும் உள்ள தொடர்பை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான்.

நடு வாரங்களில் நடப்பதை விளக்க ஓர் எடுத்துக்காட்டை நானே அமைத்துக்கொள்கிறேன். இது எந்தத் தனிமனிதரின் கதையும் அன்று, ஆனால் அந்தப் பகுதியில் அடிக்கடி நிகழ்ந்த வகையைச் சேர்ந்தது. கணவனை இழந்த ஒரு பெண்ணின் வாழைத்தோட்டத்தைக் கணவனின் அண்ணன் தனதென்கிறார். அவள் இரவெல்லாம் விழித்திருக்கிறாள், பிள்ளைகளை அடிக்கிறாள், யாரோடும் பேசுவதில்லை. குழுவில் இதைச் சொன்னதும் அனுதாபம் வரும். ஆனால் அதோடு நின்றால் அது ஒப்பாரி வைக்கும் கூட்டமாகிவிடும். வழிநடத்துநர் இங்கே தீர்ப்பும் சொல்வதில்லை, அறிவுரையும் வழங்குவதில்லை. அந்த அண்ணனிடம் நீ கடைசியாகப் பேசியபோது சொன்னது என்ன, அவர் சொன்னது என்ன, நீ உண்மையில் சொல்ல விரும்பியது என்ன என்று வரிவரியாகக் கேட்கிறார். பிறகு குழுவைப் பார்த்து, இவளுக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று கேட்கிறார். ஒருத்தி தன் மாமியாரை முன்வைத்துப் பேசியதைச் சொல்கிறாள். இன்னொருத்தி குலத்தின் மூத்தவரிடம் போகச் சொல்கிறாள். மூன்றாமவள், நான் அப்படிப் போய்த்தான் இருந்ததையும் இழந்தேன் என்று எச்சரிக்கிறாள். ஒவ்வொரு வழியின் நன்மை தீமைகளையும் எடைபோட்டு, இந்த வாரம் செய்யக்கூடிய ஒன்றை அவளே தேர்ந்தெடுக்கிறாள். குழுவில் ஒருத்தி அண்ணனாக நடிக்க, அவள் பேசிப் பழகுகிறாள். மறுவாரம் வந்து, நடந்ததைச் சொல்கிறாள். தோட்டம் திரும்பக் கிடைக்காமலும் போகலாம். ஆனால் கைகட்டிக் கிடந்தவள் ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறாள், அதைச் சொல்ல எட்டுப் பேர் காத்திருந்த இடத்தில் வந்து சொல்லியும் இருக்கிறாள்.

இங்கேதான் ரகசியம் பற்றிய கேள்வி கூர்மையடைகிறது. மருத்துவரின் அறையில் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் தொழில் கடமை. குழுவில் அதை உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் தரும் வாக்கு மட்டுமே காக்கிறது. மீறினால் தண்டிக்க யாரும் இல்லை. வழிநடத்துநர் உறுதியளிக்க முடிவது தம் வாயைப் பற்றி மட்டுந்தான். எனவே குழுவுக்குப் போகிறவர் முழுப் பாதுகாப்பை எதிர்பார்க்கக் கூடாது. எதை எப்போது சொல்வது என்பது தம் கையில் இருக்கிறது என்ற உரிமையை எதிர்பார்க்கலாம். மசாக்காவில் இன்னொரு நிலைமையும் கைகொடுத்திருக்கலாம் என்பது என் ஊகம். அந்த ஊர்களில் இழப்பு எதுவும் ரகசியமாக இருக்கவில்லை; யார் வீட்டில் யார் இறந்தார் என்பதை ஊரே சேர்ந்து புதைத்து அறிந்திருந்தது. அறியப்படாமல் இருந்தது, அதன்பின் அந்த வீட்டுக்குள் இரவு எப்படிக் கழிகிறது என்பது.

கடைசி வாரங்களில் பிரிவு பேசப்பட்டது. ஏற்கெனவே பலரை இழந்தவர்களுக்கு இந்த வட்டம் முடிவதும் ஓர் இழப்பு. அறிகுறிகள் சற்றே திரும்பி வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லி, வந்தால் என்ன செய்வது, யாரிடம் போவது என்று ஒவ்வொருவரும் முடிவு செய்தார்கள்.

எண்கள்

முடிவில் 108 ஆண்களும் 116 பெண்களும் மீண்டும் பேட்டி காணப்பட்டார்கள். மனச்சோர்வின் கடுமையைக் காட்டும் மதிப்பெண், சிகிச்சை பெற்ற கிராமங்களில் சராசரியாக 17.47 புள்ளிகளும், பெறாத கிராமங்களில் 3.55 புள்ளிகளும் குறைந்திருந்தது. தொடக்கத்தில் சிகிச்சைக் குழுவில் 86 சதவீதத்தினரும் ஒப்பீட்டுக் குழுவில் 94 சதவீதத்தினரும் கடும் மனச்சோர்வின் வரையறைக்குள் இருந்தார்கள்; நான்கு மாதத்துக்குப் பின் அது முறையே 6.5 சதவீதமாகவும் 54.7 சதவீதமாகவும் ஆனது. அறிகுறிகளோடு அன்றாட வேலைத்திறனும் அளக்கப்பட்டது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். பெண்களுக்குச் சமையல், பிள்ளை வளர்ப்பு, பயிரிடுதல், ஆண்களுக்கு உழைப்பு, குடும்பத்தை நடத்துதல், இருபாலருக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் சாவு வீட்டுக்கும் போய் நிற்றல் என்று ஊரார் தாங்களே சொன்ன கடமைகளைக் கொண்டு அந்த அளவுகோல் செய்யப்பட்டிருந்தது. அதிலும் சிகிச்சை பெற்றவர்களே இருமடங்குக்கு மேல் முன்னேறியிருந்தார்கள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தபோது, சிகிச்சை பெற்றவர்களில் 11.7 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 54.9 சதவீதத்தினரும் கடும் மனச்சோர்வில் இருந்தார்கள். வழிநடத்துநர் வருவது நின்றபின்பும் குழுக்கள் தாங்களாகவே கூடிவந்தது தெரியவந்தது.

எண்களை எப்படி வாசிப்பது

இந்த முடிவுகள் வெளியானபோது உலகெங்கும் பேசப்பட்டன. ஆனால் கவனமாக வாசிப்பவர் ஒரு கேள்வியை விடமுடியாது. ஒப்பீட்டுக் கிராமங்களுக்கு எதுவுமே தரப்படவில்லை. பலன் தெரிந்தால் பிறகு தருவோம் என்ற வாக்குறுதி மட்டுமே கிடைத்தது. அப்படியானால் குணமாக்கியது உறவுசார் உளச்சிகிச்சை என்ற முறையா, அல்லது வாரம் ஒருமுறை எட்டுப் பேர் கூடி உட்கார்ந்ததும், ஒருவர் அக்கறையோடு கேட்டதும் மட்டுமா? எதுவும் செய்யாமலே ஒப்பீட்டுக் குழுவில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் அந்த வரையறைக்கு வெளியே வந்துவிட்டதையும் மறக்கக் கூடாது. மேலும், அறிகுறிகளைச் சொன்னவர்கள் தாங்கள் சிகிச்சை பெற்றோமா இல்லையா என்பதை அறிந்தவர்கள். நன்றியுணர்வு மதிப்பெண்ணில் கலந்திருக்க இடமுண்டு.

இதற்கு ஓரளவு விடை, அதே நாட்டின் வடக்கில் நடந்த மற்றொரு பரிசோதனையில் இருக்கிறது. உள்நாட்டுப் போரால் இடம்பெயர்ந்து குலு பகுதியின் இரண்டு முகாம்களில் வாழ்ந்த 14 முதல் 17 வயது வரையிலான 314 அச்சோலி இனப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இதே குழு உளச்சிகிச்சையும், ஒரு பிரிவுக்கு ஆக்கபூர்வமான குழு விளையாட்டும் தரப்பட்டன. மூன்றாம் பிரிவு காத்திருந்தது. 2007-இல் வெளியான முடிவின்படி, மனச்சோர்வு அறிகுறிகளில் விளையாட்டுக் குழுவுக்குக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. கூடி உட்காருவது மட்டும் போதாது என்று இதிலிருந்து நினைக்கலாம். ஆனால் உளச்சிகிச்சைக் குழுவிலும் பெண்பிள்ளைகள் தெளிவாகத் தேறினார்கள். ஆண்பிள்ளைகளிடம் அந்த அளவுக்கு மாற்றம் தென்படவில்லை. தெற்கில் வளர்ந்த ஆண்கள் பேசித் தேறியிருக்க, வடக்கில் பையன்கள் ஏன் தேறவில்லை? துன்பத்தைச் சகாக்கள் முன் சொல்வது பதினைந்து வயதுப் பையனுக்கு எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பார்த்தால் ஒரு விடை தோன்றும். அதை நிறுவியதாகச் சொல்ல முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இந்த முறைக்கு ஒரு கையேடு வெளியிட்டது. 16 வாரங்கள் அதில் 8 கூட்டங்களாகக் குறுகின. தனிமை நான்காவது சிக்கலாகச் சேர்ந்தது. குழுவுக்கு முந்தைய தனிச்சந்திப்பு மட்டும் கைவிடப்படவில்லை. தற்கொலை எண்ணம் உள்ளதா என்று அந்தச் சந்திப்பிலேயே கேட்டறிந்து, உடனடி ஆபத்தில் இருப்பவருக்கு வேறு உதவியை ஏற்பாடு செய்யவேண்டும் என்பதும் அதில் வலியுறுத்தப்படுகிறது.

ஆகவே நம் ஊரில் ஒருவர் இன்று ஒரு குழுவில் சேரப் போகிறார் என்றால், முதல் சந்திப்பிலேயே சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவருடைய உரிமை. குழு எத்தனை வாரம், எத்தனை பேர், நடுவில் புதியவர்கள் சேருவார்களா, வெளியே சந்தித்துக்கொண்டால் எப்படி நடந்துகொள்வது, தெரிந்தவர் ஒருவர் அதே குழுவில் இருந்தால் என்ன செய்வார்கள்? இவற்றுக்கு நேரடியான பதில் தராத இடத்தில் தயங்குவது தவறில்லை. முதல் இரண்டு மூன்று வாரங்கள் வீண் என்று தோன்றுவதும், பிறர் துயரைக் கேட்டு வீடு திரும்பிய இரவில் மனம் முன்பைவிடக் கனப்பதும் நடக்கும். அதை வைத்து முடிவெடுக்காமல் அடுத்த கூட்டத்தில் அதையே சொல்லிப் பார்க்கலாம். விலகத்தான் வேண்டும் என்று முடிவானாலும், சொல்லாமல் நின்றுவிடாமல் ஒரு முறை வந்து சொல்லிவிட்டுப் போகும்படி வழிநடத்துநர்கள் கேட்பார்கள். காலியான இடத்தைப் பார்த்து, தான் சொன்ன ஏதோ ஒன்றுதான் காரணம் என்று வாரக்கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவர் அந்த வட்டத்தில் இருக்கக்கூடும்.